பம்பாய் ஜாஸின் வேர் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: பம்பாயில் ஒரு காலத்தில் ஜாஸ் கொடிகட்டிப் பறந்தது என்கிறார்களே, அது வெள்ளைக்காரத் துரைமார்கள் நடனமாடுவதற்காகக் கொண்டுவந்த சரக்குதானே, கோவாக்காரர்கள் அதை அப்படியே வாசித்துக் காட்டினார்கள், துரைமார் கப்பலேறியதும் அதுவும் போய்விட்டது, இந்த ஊரில் அதற்கு வேர் என்று ஏதாவது உண்டா? உண்மையில் நீங்கள் கேட்பது இதைவிடப் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் தாண்டி வந்த ஓர் இசை அதை எடுத்து வாசிக்கிறவர்களுக்கு எப்போதாவது சொந்தமாகுமா, இல்லை கடைசிவரை இரவல்தானா என்று கேட்கிறீர்கள். சொந்தமாகும் என்பதுதான் என் பதில். பம்பாயில் அது எப்படி ஆனது என்பதை ஓரளவு விவரமாகவே சொல்லலாம்.

நான் வயலின்காரன். கர்நாடக சங்கீதத்தில் ஆரம்பித்து, பிழைப்புக்காகப் பம்பாய் போய், ஒரு கோவாக்கார மாஸ்டரிடம் ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய இசை எழுத்து முறையைக் கற்றுக்கொண்டு, சினிமா ரெக்கார்டிங்கில் பல வருடம் வயலின் வரிசையில் உட்கார்ந்தவன். நான் போய்ச் சேர்ந்தபோது ஹோட்டல் ஜாஸின் நல்ல காலம் முடிந்திருந்தது. ஆனால் அதை வாசித்தவர்களில் பலர் ஸ்டுடியோக்களில் இருந்தார்கள். அதனால் நான் சொல்வதெல்லாம் வாத்தியக்காரர் நாற்காலியிலிருந்து பார்த்த கதை. மேஜையில் உட்கார்ந்து கேட்டவர்கள் இதையே வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதலில், துரைமார்கள் கொண்டுவந்தார்கள் என்பது. பாதிதான் சரி. காசு கொடுத்ததும் ஆடியதும் பெரும்பாலும் அவர்களும் நம் ஊர்ப் பணக்காரர்களும்தான். ஆனால் இசையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின வாத்தியக்காரர்கள். 1935-இல் லியோன் அபி என்ற வயலின்காரர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்தார். தாஜில் வாசித்த முதல் முழுக் கறுப்பினக் குழு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். அந்தக் குழுவில் இருந்த ரூடி ஜாக்சன் அதற்கு முன் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்தவர். அடுத்து அங்கே குழுவை நடத்திய கிரிக்கெட் ஸ்மித், 1913-லேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் குழுவோடு இசைத்தட்டுகளில் டிரம்பெட் ஊதியவர். ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு வந்ததே 1917-இல்தான். யோசித்துப் பாருங்கள், அந்த இசை உருவாகும்போதே கூட இருந்த ஒருவர் தாஜ் நிற்கும் அப்போலோ பந்தரில் நின்று வாசித்திருக்கிறார். அப்புறம் பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட். சிகாகோவில் பேர்போன டிரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் இருந்தவர், ஷாங்காயில் வாசித்தவர், பம்பாய்க்கு வந்து, பிறகு யுத்த காலத்தில் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தி, 1945-இல் அங்கேயே காலராவில் இறந்தவர். இவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். சொந்த நாட்டில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், தாங்கள் வாசிக்கும் ஹோட்டலின் முன்வாசல் வழியாக நுழைய முடியாதவர்கள், கௌரவமான சம்பளம் கிடைக்கும் இடம் தேடி உலகம் முழுக்கப் போனார்கள். அதில் பம்பாய் ஓர் ஊர்.

அதற்கும் முன்னால் ஒரு கசப்பான கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1860-களில் டேவ் கார்சன் என்ற வெள்ளைக்கார நடிகர், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் 'மின்ஸ்ட்ரல்' ஆட்டத்தைப் பம்பாயில் போட்டுப் பெரிய பேர் வாங்கினார். நம் ஊர்க்காரர்களைக் கேலி செய்யும் பாட்டுகளையும் அதோடு சேர்த்துக்கொண்டார். ஆக, கறுப்பின இசை பம்பாய்க்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு நையாண்டியாக. அபியின் குழு தாஜுக்கு வந்து சேர அதற்கப்புறம் ஏறக்குறைய எழுபது வருடம் ஆயிற்று.

சரி, கோவாக்காரர்கள். 'அவர்கள் ரத்தத்திலேயே மேற்கத்திய இசை ஊறியிருக்கிறது' என்று பம்பாயில் எல்லாரும் சொல்வார்கள், அவர்களே சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ரத்தத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் எதற்கு? கோவா 1510 முதல் 1961 வரை போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அங்கே ஊர்தோறும் மாதா கோயிலை ஒட்டிப் பங்குப் பள்ளி இருந்தது. கோயில் பூசைக்குப் பாடவும் வயலின் வாசிக்கவும் பிள்ளைகள் வேண்டும் என்பதால் அங்கே இசை கட்டாயப் பாடம். 'மெஸ்த்ரி' என்று அழைக்கப்பட்ட ஆசிரியர், முதலில் சுர வாசிப்பை வாய்ப்பாடு போல உருப்போட வைத்து, அது பிடிபட்ட பிறகுதான் வயலினைக் கையில் கொடுப்பார். நம் வீடுகளில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சாதகம் செய்த பிறகே கீர்த்தனைக்குப் போவது போலத்தான். இப்படி, வைத்த தாளை அந்தக் கணமே பார்த்து வாசிக்கக்கூடிய பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஊர்தோறும் உருவானார்கள். ஆனால் கோவாவில் அவர்களுக்கு வேலை இல்லை. வேலை இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவில்: பட்டாளத்து பேண்டுகள், சமஸ்தானங்களின் பேண்டுகள், ஹோட்டல்கள், பேசாத படத்துக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் குழுக்கள். 1931-இல் பேசும் படம் வந்ததும் அந்தக் கடைசி வேலை மெல்ல மெல்லப் போயிற்று. நடனக் குழுக்களுக்கு ஆள் தேவைப்பட்டது அதே காலத்தில்தான். பம்பாய் தோபி தலாவ் பக்கம் கோவா ஊர்கள் பலவற்றுக்கும் 'கூட்' என்று தனித்தனி விடுதி உண்டு. ஊர்க்காரன் என்றால் சொற்பக் காசுக்கு ஒரு பெட்டி வைக்க இடமும் பாய் விரிக்க இடமும் கிடைக்கும். கப்பல் வேலைக்காரர், சமையல்காரர், வாத்தியக்காரர் எல்லாரும் அங்கேதான். பம்பாய் ஜாஸின் வேரைத் தேடுகிறவர்கள் தாஜின் நடன அரங்கத்துக்குப் போகிறார்கள். நானாக இருந்தால் முதலில் இந்த விடுதிகளுக்குத்தான் போவேன்.

இப்போது 'அப்படியே வாசித்தார்கள்' என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் தவறுகிறீர்கள். ஜாஸை அப்படியே வாசிக்கவே முடியாது. தாளில் ஓர் அடிக்கு இரண்டு சுரம் சம அளவில் எழுதியிருக்கும். பங்குப் பள்ளியில் படித்தவர் அதைச் சமமாகத்தான் வாசிப்பார், ஏனென்றால் எழுதியிருப்பது அதுதான். ஆனால் ஜாஸ்காரர் வாசித்தால் முதல் சுரம் நீளும், இரண்டாவது குறுகித் தாமதமாக விழும். ஸ்விங் என்பது இதுதான். நம் முறையில் சொன்னால், தகிட என்று திஸ்ரமாக, மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு, த-வில் முதல் சுரத்தைப் பிடித்துக் கி முழுக்க இழுத்து, ட-வில் இரண்டாவது சுரத்தை வையுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். கிட்டத்தட்டத்தான், ஏனென்றால் வேகம் கூடக் கூட அந்த விகிதம் சமத்தை நோக்கி நகரும், மெதுவாகும்போது இன்னும் அகலும், ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அது கொஞ்சம் வேறு. அதோடு, பலவீனமான அடியில் அழுத்தம், சுரத்தைக் கீழிருந்து வளைத்துப் பிடிப்பது, இதெல்லாம் தாளில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து காதால்தான் வாங்க வேண்டும். கிரிக்கெட் ஸ்மித்தும் வெதர்ஃபோர்டும் இங்கே வந்ததன் முக்கியத்துவம் இதுதான். அவர்கள் குழுக்களில் நம் ஊர் ஆட்கள் சேர்ந்து வாசித்தார்கள், பக்கத்து நாற்காலியில் இருந்து கற்றார்கள். இது நமக்குப் புரியாத விஷயமா என்ன? குரு பாடக் கேட்டு, பின்னாலேயே பாடித்தான் நாமும் கமகம் கற்றோம். இசைத்தட்டைப் போட்டு நகலெடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்படிக் கற்றவர்களில் பெரும்பேர் வாங்கியவர் சிக் சாக்லேட். கோவாவில் ஆல்டோனா ஊரில் 1916-இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ்தான் அவர். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று அவரைச் சொன்னார்கள், அவரும் அந்தப் பாணியில் டிரம்பெட் ஊதினார், பாடினார். ஆனால் கோவாக்காரர்களோடு கதையை முடித்துக்கொண்டால் பாதிப் பேரை விட்டுவிடுவோம். தாஜில் ஏறக்குறைய இருபது வருடம் குழு நடத்திய மிக்கி கொரியா கராச்சியிலிருந்து வந்தவர். சாக்ஸபோன் வாசித்த ரூடி காட்டன், பெயரைப் பார்த்தால் அமெரிக்கர் போலத் தெரியும், ஆள் பார்சி. நடனக் குழு நடத்திய கென் மேக் ஆங்கிலோ இந்தியர். 1936-இல் கிரிக்கெட் ஸ்மித்தின் குழு 'தாஜ் மஹால்' என்று ஒரு ஃபாக்ஸ்ட்ராட், அதாவது ஜோடி நடன இசை, இசைத்தட்டு பதிவு செய்தது. அதை இயற்றிய மேனா சைலஸ், பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பத்தவர். பம்பாய் யூதர் ஒருவரின் மெட்டு, பியானோவில் சிகாகோவிலிருந்து ஷாங்காய் வழியாக வந்த ஒருவர், டிரம்பெட்டில் நியூயார்க் அனுபவசாலி, விஷயம் ஒரு பார்சி முதலாளி கட்டிய ஹோட்டல். இது எந்த நாட்டு இசை என்று கேட்டால், பம்பாய் இசை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் இந்தப் பன்மையை மிகைப்படுத்தவும் கூடாது. மேடையில் எல்லாச் சமூகமும் இருந்தது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மிகக் குறுகிய வட்டம்: வெள்ளைக்காரர்கள், மகாராஜாக்கள், பெரிய வணிகக் குடும்பங்கள். கிர்காவில் 'சால்' என்ற ஒற்றையறை வரிசை வீடுகளில் வசித்த மராத்திக் குடும்பமோ மாட்டுங்காவில் இருந்த நம் ஆட்களோ அங்கே நுழைந்திருக்க மாட்டார்கள். பெண்களில் பாடகிகள் உண்டு, வாத்தியம் வாசித்தவர்கள் மிகக் குறைவு. ஹோட்டல் ஜாஸ் மட்டுமே இருந்திருந்தால், அதற்கு வேர் இல்லை என்ற உங்கள் வாதத்துக்கு நானும் பாதி தலையாட்டியிருப்பேன்.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது சினிமா. அதற்கு ஒரு காரணம் பொருளாதாரம். 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, சுதந்திரத்தோடு வெள்ளைக்கார வாடிக்கையாளர் கூட்டம் கரைந்திருந்தது. சர்ச்கேட் தெருவின் ஹோட்டல்களிலும் ரெஸ்டாரன்ட்களிலும் ஜாஸ் 1960-கள் வரை நன்றாகவே ஒலித்தது, வெளிநாட்டுக் கலைஞர்கள் ஊருக்கு வந்தால் அங்கே வந்து சேர்ந்து வாசிப்பார்கள், ஆனாலும் அது மட்டும் ஒரு குடும்பத்தை நடத்தப் போதாது. சினிமா ஸ்டுடியோக்களோ பெரிய வாத்தியக் கோஷ்டிகளைக் கேட்டுக்கொண்டிருந்தன. எனவே பகலில் ரெக்கார்டிங், இரவில் ஹோட்டல் என்று ஒரே ஆட்கள் இரண்டு இடத்திலும் வாசித்தார்கள்.

ஸ்டுடியோவில் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் இதன் ஆழம் புரியும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு மெட்டைப் பாடிக் காட்டுவார். பல பெரிய இசையமைப்பாளர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதத் தெரியாது, அது அவர்கள் பயின்ற முறையே அல்ல. அரேஞ்சர் உட்கார்ந்து அந்த மெட்டை எழுதிக்கொண்டு, அதற்கு ஹார்மனி, அதாவது மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் துணைச் சுரங்கள், போட்டு, முன்னிசையும் இடையிசையும் எழுதி, பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் பின்னால் ஒலிக்கும் எதிர் மெட்டுகளை எழுதி, வயலினுக்கு ஒரு தாள், டிரம்பெட்டுக்கு ஒரு தாள் என்று பிரித்துக் கொடுப்பார். அதே அறையில் சிதார்க்காரர் ச ரி க ம என்று தன் நோட்டில் எழுதி வைத்திருப்பார், தபலாக்காரருக்குக் காகிதமே தேவையில்லை. நான் அந்த வரிசையில் இருந்தபோது எனக்கு ஒரு வசதி, இரண்டு எழுத்தையும் படிப்பேன். செபாஸ்டியன் டிசூசா, அந்தோணி கொன்சால்வஸ், ஃபிராங்க் ஃபெர்னாண்ட் என்று கோவாக்காரர்கள் செய்த வேலை இதுதான். செபாஸ்டியன் பிரிவினைக்கு முன் லாகூரில் ஹோட்டல் குழு நடத்தியவர், பம்பாய்க்கு வந்து ஓ. பி. நய்யாருக்கும் சங்கர் ஜெய்கிஷனுக்கும் அரேஞ்ச் செய்தார்.

சிக் சாக்லேட் சேர்ந்துகொண்டது சி. ராம்சந்திராவோடு. நமக்கு அவரை 1958-இல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபன் இசையமைப்பாளராகத் தெரியும், 'கண்ணும் கண்ணும் கலந்து' அவர் போட்டது. இந்தியில் அவர்தான் 1951-இல் அல்பேலா, 1957-இல் ஆஷா படத்தின் 'ஈனா மீனா டீகா' எல்லாம் செய்தவர். அல்பேலாவில் சிக் சாக்லேட்டும் குழுவும் திரையிலேயே தோன்றுவார்கள். 'ஷோலா ஜோ பட்கே' பாட்டில் போங்கோவோடு டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் சேருகிற இடத்தைக் கேட்டால், ஹோட்டல் மேடை அப்படியே நகர்ந்து தியேட்டருக்கு வந்துவிட்டது தெரியும். தாஜ் வாசலைக்கூடப் பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள் அந்தத் தாளத்துக்குக் காலாட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இணையத்தில் 'இந்திப் பாட்டையெல்லாம் உண்மையில் கோவாக்காரர்கள்தான் இசையமைத்தார்கள், பெயர் வேறொருவருக்குப் போயிற்று' என்று எழுதுகிறார்கள். அரேஞ்சர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் இசைத்தட்டிலும் பட டைட்டிலிலும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது உறுதி, அது பெரிய அநியாயம், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் மெட்டையே அவர்கள்தான் போட்டார்கள் என்பது பாட்டுக்குப் பாட்டு வேறுபடும், பெரும்பாலான பாட்டுகளில் அதை நிரூபிக்கத் தாள் எதுவும் மிஞ்சவில்லை. ஓர் இடையிசையின் முதல் நான்கு சுரம் யார் வாயிலிருந்து வந்தது என்பதை அந்த அறையில் இருந்தவர்களே இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஆகவே, மெட்டு இசையமைப்பாளருடையது, அது நாம் கேட்கும் ஒலியாக மாறியது அரேஞ்சரால், என்ற அளவில் நிற்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு, நம் ராகங்களோடு ஜாஸ் சேர்ந்த கதை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெளிநாட்டுப் பெரும்புள்ளிகளை வைத்தே பேசுவார்கள்: 1958-இல் அமெரிக்க பியானோக்காரர் டேவ் புரூபெக் வந்தார், 1963-இல் எலிங்டன் வந்தார், அடுத்த வருடம் ஆம்ஸ்ட்ராங் வந்தார். அமெரிக்க சாக்ஸபோன்காரர் சன்னி ரோலின்ஸ் 1960-களின் பிற்பகுதியில் பம்பாயின் பவாயில் சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமத்தில் வந்து தங்கினார், 1978-இல் நிரஞ்சன் ஜவேரி தொடங்கிய ஜாஸ் யாத்ரா விழாவில் வாசித்தார். இதெல்லாம் முக்கியம்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிராஸ் கொன்சால்வஸ் செய்தது. கோவாவிலிருந்து வந்த இந்த சாக்ஸபோன்காரர், ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை அடிப்படையாக வைத்துச் சொந்தமாக ஜாஸ் இயற்றினார். டார்ஜிலிங்கில் நேபாளிக் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் வாசித்து, பிறகு பம்பாய் வந்த பியானோக்காரர் லூயி பேங்க்ஸும் பெங்களூரின் கர்நாடகப் பாடகி ராமமணியும் அவரோடு சேர்ந்தார்கள். இதில் சிக்கல் எங்கே என்றால், ஜாஸில் அடியில் ஹார்மனி நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் மேல் மெட்டைக் கற்பனை செய்வார்கள். நம் ராகமோ ஆதார சட்ஜத்தை விட்டு நகராது. ஹார்மனி மாறும்போது ராகத்துக்கு அன்னியமான சுரம் கீழே ஒலித்தால் ராகபாவம் கெட்டுவிடும். ஒரே ஹார்மனியில் நெடுநேரம் நிற்கும் 'மோடல்' பாணி அமெரிக்காவில் 1950-களின் கடைசியில் பரவிய பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்க வழி கிடைத்தது. இந்தச் சேர்க்கை எவ்வளவு தூரம் வெற்றி என்பதில் என் கருத்து மட்டுமே சொல்ல முடியும்: தாளத்தில் அற்புதமாகச் சேர்ந்தது, ராகத்தில் பல நேரம் ராகத்தின் சுரங்கள் இருந்தன, ராகம் இல்லை. ராமமணி பாடும் இடங்களில் இருந்தது.

துரைமார் போனதும் போய்விட்டதா என்று கேட்டீர்கள். ஜாஸ் யாத்ரா தொடங்கியதே சுதந்திரம் வந்து முப்பது வருடம் கழித்துத்தான், அதுவும் தாஜில் அல்ல, தோபி தலாவ் ரங் பவன் திறந்தவெளி அரங்கில், அந்தக் கோவா விடுதிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஹோட்டல் ஜாஸ் தேய்ந்தது நிஜம். 1970-களுக்குப் பிறகு நேரடிக் குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதைவிட ஒலிநாடா மலிவு என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். பின்னால் ஸ்டுடியோவிலும் சிந்தசைசர் வந்து வயலின் வரிசையையும் பித்தளை வாத்திய வரிசையையும் காலி செய்தது. என் நாற்காலியும் அதில்தான் போயிற்று.

கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் கிரிக்கெட் ஸ்மித்தின் அந்த 1936 'தாஜ் மஹால்', அப்புறம் 'ஷோலா ஜோ பட்கே', அப்புறம் 'ஈனா மீனா டீகா'வை கிஷோர் குமார் குரலில், இந்த வரிசையில் கேளுங்கள். கடைசியாக 1969-இல் வந்த ஆராதனாவின் 'ரூப் தேரா மஸ்தானா'. நூறு தடவை கேட்டிருப்பீர்கள், ஒரு தடவை பாடகரை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் கேளுங்கள். அக்கார்டியன் வாசிப்பது கெர்சி லார்ட், பார்சி வாத்தியக் குடும்பம், அவர் அப்பா காவாஸ் லார்ட் சினிமாவில் டிரம்ஸ் வாசித்தவர். சாக்ஸபோன் மனோகரி சிங், பூர்வீகம் நேபாளம், வளர்ந்தது கல்கத்தாவில். ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்த சாக்ஸபோன் எவ்வளவு தாமதித்து உள்ளே வருகிறது, சுரத்தை எப்படிக் கீழிருந்து வளைத்துப் பிடிக்கிறது என்று கவனியுங்கள், அதை எந்த நொட்டேஷனிலும் எழுத முடியாது.